அடிக்காத அலாரம்

"வீல்...!"

டூனா மீன் வெட்ட வந்தவளின் அலறல் ஜெனரல் சாந்தோஸ் நகர மீன்பிடித் துறைமுகத்தையே உலுக்கியது.

வெளியே தாழிட்டிருந்த குளிரறைக்குள்... கணக்கர் ஃபெர்மின்! பின்மண்டையில் அடி. புருவமெல்லாம் உறைபனி.

மூச்சு மட்டும் நூலிழையாய் இருந்தது. ஆம்புலன்ஸ் பறந்தது.

இன்ஸ்பெக்டர் பகால்சோ காவலாளி இசித்ரோவின் கையில் விலங்கை மாட்டினார்.

"ஃபெர்மின் போட்டிருந்த ஸ்வெட்டர் உன்னோடதுதானே?"

"ஆமா சார். யாராவது உள்ள மாட்டிக்கிட்டா உதவுமேன்னு எப்பவும் அங்கயே தொங்க விட்டு வைப்பேன்."

"நல்லாத்தான் கதை விடுற!"

மீன் கம்பெனி மேனேஜர் தெஹாதா முன்னால் வந்தார்.

"உள்ள ஆள் இருந்தா பத்து நிமிஷத்துல அலாரம் அடிக்கும் சார். அடிச்சுது! என் காதால கேட்டேன். இவன்தான் ஓடிப்போய் நிறுத்தினான்!"

"பொய்!"

எல்லோரும் திரும்பினார்கள்.

மாரிவிக். அலாரத்துக்கு ப்ரோக்ராம் எழுதியவள்.

"அது அடிச்சிருக்கவே முடியாது சார். போன வாரம் கம்ப்யூட்டரை விண்டோஸ்லேர்ந்து லினக்ஸுக்கு மாத்தினோம். பழைய ப்ரோக்ராமை அப்படியே தூக்கி வச்சேன். இப்பத்தான் திறந்து பார்த்தேன்... நேரம் எண்ண 'க்ளாக்'னு ஒரு சி மொழி ஃபங்ஷன். விண்டோஸ்ல சுவர்க் கடிகாரம் மாதிரி ஓடும். லினக்ஸ்ல ப்ரோக்ராம் உழைக்கிற நேரத்தை மட்டும்தான் எண்ணும். என் ப்ரோக்ராம் அநேகமா எந்நேரமும் சும்மா தூங்கிட்டிருக்கும்! பத்து நிமிஷம் எண்ணி முடிக்க அதுக்குப் பல நாள் ஆகும்!"

"வாயை மூடு! வேலை போயிடும்!" தெஹாதா சீறினார்.

"போகட்டும். தப்பு என்னோடது. அதுக்கு இந்த அண்ணன் ஏன் ஜெயிலுக்குப் போகணும்? நான் உள்ள போறேன். கதவைச் சாத்துங்க!"

இசித்ரோ விலங்கிட்ட கைகளால் தன் குல்லாயைக் கழற்றி நீட்டினார்.

"இதையாவது போட்டுக்க தங்கச்சி."

கதவு மூடியது.

பத்து நிமிடம்... பதினைந்து...

நிசப்தம்!

நீலம் பாரித்த உதடுகளோடு வெளியே வந்தாள் மாரிவிக்.

"அடிக்காத அலாரம்... உங்க காதுல மட்டும் எப்படி சார் கேட்டுது?"



இன்ஸ்பெக்டரின் போன் அலறியது. கேட்டார். முகம் மாறியது.

"ஃபெர்மின் கண் முழிச்சிட்டான்! கெட்டுப்போன மீனை ஏத்துமதி பண்றதைத் தட்டிக் கேட்டானாம்... தெஹாதா அடிச்சு உள்ள தள்ளியிருக்கார். இருட்டுல தடவினப்போ ஸ்வெட்டர் கையில பட்டுதாம். அது இல்லேன்னா செத்திருப்பானாம்."

விலங்கு கை மாறியது.

ஜீப்பில் ஏறிய தெஹாதாவின் பின்னாலேயே ஓடினார் இசித்ரோ.

"லாக்கப்ல புழுங்கும் சார்... ஸ்வெட்டர் வேணாம். சாயங்காலம் விசிறி கொண்டு வரேன்!"