டாக்டரம்மாவின் கோணல் கையெழுத்து

சுண்டுவுக்கு ஒன்றும் புரியவில்லை.

மேஜைமேல் நான்கு கடிதங்கள் இருந்தன. நான்கிலும் ஒரே டாக்டரம்மாவின் பெயர். மூன்றில் அடியில் போட்டிருந்த கையெழுத்து அவ்வளவு அழகாக இருந்தது. நான்காவதில் மட்டும், மையில் விழுந்த எறும்பு தள்ளாடி நடந்ததுபோல் இருந்தது.

"இது போலி," என்றார் சித்தப்பா.

சித்தப்பா பழைய கடிதங்களைச் சேகரிப்பவர். அவர் அறைக்குள் போவதென்றால் கையைக் கழுவி ஈரம் போகத் துடைக்க வேண்டும். பேனா கூடாது, பென்சில் மட்டும்தான். தும்மல் வந்தால் வெளியே ஓடிவிட வேண்டும்.

நூலகத்தில் கண்காட்சி நடக்கப்போகிறது. ஊரின் முதல் டாக்டரம்மா எழுதிய கடிதங்களைக் கண்ணாடிப் பெட்டியில் வைக்கப்போகிறார்கள். அழகான மூன்றும் சித்தப்பாவுடையவை. கோணல் கடிதம் எதிர்வரிசையில் தையல் கடை வைத்திருக்கும் அத்தையுடையது. அத்தையின் அம்மாவுக்கு டாக்டரம்மாவே எழுதியதாம்.

"போலின்னு எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"என்னோட மூணையும் ஒண்ணுமேல ஒண்ணு வச்சு வெளிச்சத்துல பாரு. ஒரு முடிகூட விலகாது. இது பொருந்துதா? யாரோ அந்த அக்காவை ஏமாத்தியிருக்காங்க, பாவம். கொண்டுபோய்க் கொடுத்துட்டு வா. பக்குவமா சொல்லு."

பக்குவமாக எப்படிச் சொல்வது என்று சுண்டுவுக்குத் தெரியவில்லை. அதனால் கடையில் போய், "அத்தை, இது போலியாம்," என்று சொல்லிவிட்டாள்.

தையல் இயந்திரம் நின்றது.

"எங்கம்மா பொய் சொல்ற ஆளில்லையே," என்றார் அத்தை. "கண்காட்சிக்கு வாங்கன்னு தெரு முழுக்கச் சொல்லிட்டேன். இனிமே எந்த முகத்தோட வெளியில போவேன்?"

அவர் ஊசியில் நூல் கோர்க்கப் பார்த்தார். நூல் போகவே இல்லை.

அப்போது பார்சல்காரர் வந்தார். "இங்க ஒரு கையெழுத்து, இங்க ஒண்ணு," என்று தாளை நீட்டினார். அத்தை மடியில் துணியை வைத்துக்கொண்டே போட்டுக் கொடுத்தார். ஒன்று நேராக இருந்தது. இன்னொன்று மலையேறியது.

"அத்தை, ரெண்டுமே நீங்க போட்டதுதானே?"

"பின்னே? ஒண்ணை நான் போட்டு, இன்னொண்ணைப் பூனையா போட்டுச்சு?"

"வேற வேற மாதிரி இருக்கே."

"கை என்ன மெஷினாடி?"

சுண்டுவுக்குக் குழப்பம் இன்னும் கூடியது. கை மெஷின் இல்லையென்றால், டாக்டரம்மாவின் கை மட்டும் எப்படி மூன்று தடவையும் ஒரே மாதிரி போட்டது?

"கொஞ்சம் இருங்க அத்தை," என்று கடிதத்தோடு திரும்பி ஓடினாள்.

"ஏன் கொடுக்கலை?" என்றார் சித்தப்பா.

"ஒரு சந்தேகம். இந்தத் தாள்ல ஒரு கையெழுத்து போடுங்க. இதுல இன்னொண்ணு."

போட்டார். சுண்டு இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஜன்னல் கண்ணாடியில் வைத்தாள். பொருந்தவில்லை.

"அவசரத்துல போட்டேன்."

"சரி, நிதானமா போடுங்க."

சித்தப்பா நாக்கைக் கடித்துக்கொண்டு, குழந்தை படம் வரைவதுபோல் போட்டார். அதுவும் பொருந்தவில்லை.

"அப்போ டாக்டரம்மாவுக்கு மட்டும் எப்படிப் பொருந்துது?"

சித்தப்பா நான்கு கடிதங்களையும் மேஜையில் பரப்பினார். டார்ச்சை எடுத்துத் தாள்மேல் சாய்த்துப் பிடித்தார். அவருடைய மூன்று கடிதங்களிலும் கையெழுத்து இருந்த இடம் வழவழவென்று இருந்தது. கோணல் கடிதத்தில் பேனா முள் அழுத்திய பள்ளம் தெரிந்தது. பூதக்கண்ணாடியால் வெகுநேரம் பார்த்தார்.

"எழுத்து நடுங்குது. ஆனா சுழியெல்லாம் அவங்க சுழிதான். வயசான காலத்துல அவங்களே எழுதியிருக்காங்க."

"உங்களோடது?"

"ரப்பர் முத்திரை." சித்தப்பாவின் குரல் இறங்கிவிட்டது. "அவங்க ஆஸ்பத்திரிக்கு உதவினவங்களுக்கெல்லாம் டைப் அடிச்சு அனுப்பின நன்றிக் கடிதம் இது. எத்தனை பேருக்குத்தான் கையெழுத்து போடுவாங்க? முத்திரை செஞ்சு குத்திட்டாங்க. ஒரே மாதிரி இருக்குன்னு நானே பெருமைப்பட்டிருக்கேன் பாரு."

அவர் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. சுண்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "வாங்க, அத்தை காத்துக்கிட்டிருக்காங்க."

"நான் என்னன்னு சொல்வேன்?"

"எனக்கும் தெரியலை. நானும் கூட வரேன்."

கண்காட்சியில் கோணல் கடிதம் நடுவில் இருந்தது. சித்தப்பா தன்னுடைய மூன்றையும் வைக்க வேண்டாம் என்றார். அத்தை விடவில்லை. "அது பக்கத்துல இருந்தாத்தான் தம்பி, இதோட அருமை தெரியும்," என்றார்.

தெரு முழுக்க வந்திருந்தது. பின்னால் நின்றவர்களுக்குக் கடிதம் தெரியவில்லை. அத்தை உரக்கப் படித்தார்:

"குழந்தை இரவெல்லாம் கத்துகிறாள் என்று பயப்படாதீர்கள். அவளுக்கு நல்ல நுரையீரல். கத்தட்டும்."

நூலகர் வேகமாக வந்தார். "அம்மா, இது நூலகம். மெதுவா."

"அந்தக் குழந்தை நான்தாங்க," என்றார் அத்தை, அதே குரலில்.

நூலகர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து கடிதத்தைப் படித்தார். போய், வாசிப்பு அறையின் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"சரி, படிங்க," என்றார்.