அடிப்பலகையில் இரண்டு தட்டல்

கேபின் தரைக்கு அடியிலிருந்து இரண்டு தட்டல் கேட்டது. தையலிலிருந்து கண்ணை எடுக்காமலே அவள் கத்தரிக்கோலின் பிடியால் பலகையில் இரண்டு முறை பதிலுக்குத் தட்டினாள். கிழிந்த படகுப் பாயை மடியில் போட்டுக்கொண்டு, மெழுகு தடவிய நூலை இழுத்து இழுத்து இன்னும் ஏழெட்டுத் தையல் போட்டிருப்பாள். அப்போது தலைக்கு மேலே தளத்தில் கணவன் தும்மினான். ஒரு தும்மலோடு நிற்கிற ஆள் இல்லை அவன், வரிசையாக ஐந்தாறு வரும். ஆறையும் கேட்டுவிட்டு ஊசியைப் பாயிலேயே குத்திவைத்துப் படியேறிப் பார்த்தாள். அவன் நிழலில் காலை நீட்டி உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தான். தலைமுடி காய்ந்திருந்தது.

"எப்ப மேல வந்தீங்க?"

"அரை மணி நேரம் ஆச்சு. வாண்டுதான் ஏணி போட்டான். நீ தைக்க உக்காந்தா இடி விழுந்தாலும் உனக்குத் தெரியாதே."

"இப்ப கீழ யார் தட்டினது?"

"ஏதாவது மீனா இருக்கும். பதில் சொல்லிட்டியா?" அவள் முகத்தைப் பார்த்து அவன் சிரித்தான். "போச்சு. இனிமே அதுக்கும் சேர்த்து நீதான் சமைக்கணும்."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. இரண்டு வருஷமாக இந்தப் பாய்மரப் படகுதான் அவர்களுக்கு வீடு. தீவு தீவாகப் போவார்கள், நங்கூரம் போடுவார்கள், அவன் முகமூடியை மாட்டிக்கொண்டு குதித்துப் படகின் அடியில் பிடித்த பாசியையும் சிப்பியையும் சுரண்டுவான். ஒருமுறை அறுந்த வலை ஒன்று காலில் சுற்றி அவன் மேலே வரமுடியாமல் திணறியபோது, பத்தடி மேலே அவளும் பிள்ளைகள் இருவரும் சீட்டு விளையாடிக்கொண்டிருந்தார்கள். அன்றைக்குத்தான் அவள் இந்தச் சட்டத்தைப் போட்டாள். மூச்சு விட மேலே வந்து போகும்போதெல்லாம் அவன் அடிப்பலகையில் இரண்டு தட்ட வேண்டும். நான் நன்றாக இருக்கிறேன் என்று அர்த்தம். உள்ளே இருப்பவர் கையில் என்ன வேலை இருந்தாலும் இரண்டு தட்டிப் பதில் சொல்ல வேண்டும்; நீ எங்கள் எண்ணிக்கையில் இருக்கிறாய் என்று அர்த்தம். மூன்று தட்டினால் மேலே வருகிறேன், ஏணியை இறக்கு. ஏணி இளைய மகன் வாண்டுவின் பொறுப்பு. ஏழு வயதில் கிடைத்த அந்தப் பதவியை அவன் அக்காவுக்குக்கூட ஒருநாளும் விட்டுக்கொடுத்ததில்லை.

ஆக, பழக்கதோஷத்தில் அவள் எதையோ எண்ணிக்கையில் சேர்த்துவிட்டாள்.

மறுபடி கேபினுக்குள் இறங்கி ஊசியை எடுத்தாள். வெளியே காற்று நின்றுபோயிருந்தது. காலையில் வந்ததிலிருந்து இந்தத் தீவில் ஒரு பறவைகூடக் கத்தவில்லை என்பது இப்போதுதான் மண்டையில் உறைத்தது. கரையில் மரங்கள் நெருக்கியடித்து நின்றன. தரைப்பலகை இடுக்கிலிருந்து, ஈரத்தோடு சுருட்டிப் பெட்டிக்குள் போட்டு மறந்துபோன கயிற்றின் நாற்றம் மெல்ல மேலே வந்தது. தட்டல் வந்தது. இரண்டு. நடுவில் அவன் விடும் அதே சின்ன இடைவெளி. கொஞ்ச நேரம் கழித்து இன்னும் இரண்டு, ஆனால் இந்தத் தடவை சமையல் மேடைக்கு அடியில். அப்புறம் மேஜைக்கு அடியில். படகின் முன்பக்கமாக, பிள்ளைகள் படுக்கும் இடத்தை நோக்கி, அது நிதானமாகப் போய்க்கொண்டிருந்தது. கத்தரிக்கோலை எடுத்து இருக்கைக்கு அடியில் வீசிவிட்டு இரண்டு கையையும் தொடைக்குக் கீழே வைத்து உட்கார்ந்துகொண்டாள். பதில் சொல்லாமல் இருப்பது இவ்வளவு கஷ்டமாக இருக்கும் என்று அவள் நினைக்கவில்லை.

முன்னறையிலிருந்து மூத்தவள் எட்டிப் பார்த்தாள். பன்னிரண்டு வயது, கையில் பாடப்புத்தகம்.

"அம்மா, அப்பா தண்ணியிலயா இருக்காரு? என் படுக்கைக்குக் கீழ தட்டிக்கிட்டே இருக்காரு."

"நீ பதில் தட்டினியா?"

"இன்னும் இல்ல."

"தட்டாத. தம்பியக் கூட்டிக்கிட்டு மேல போ."

பயம்தான். ஆனால் பயத்துக்கு அடியிலிருந்து கோபம் பொங்கிக்கொண்டு வந்தது. வீட்டை விற்றுவிட்டுக் கிளம்பியபோது, ஆறே மாதத்தில் மூட்டையைக் கட்டிக்கொண்டு வந்து நிற்பாள் பாருங்கள் என்று அண்ணி சொந்தக்காரர்களிடமெல்லாம் சொல்லி வைத்திருந்தாள். குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்திருக்கிறாள், பாய் கிழிந்து மூன்று நாள் நடுக்கடலில் மிதந்திருக்கிறாள், மகனுக்குக் காய்ச்சல் கண்டபோது ராத்திரி முழுக்க சுக்கானைப் பிடித்திருக்கிறாள். ஒரு முறைகூடத் திரும்பிப் போகலாம் என்று வாயைத் திறந்ததில்லை. இந்தப் படகில் அவள் கை படாத மூலை கிடையாது. அதன் அடியில் வந்து கதவைத் தட்டுகிற மாதிரித் தட்ட இது யார்?

கணவனைக் கேபினுக்குள் கூப்பிட்டாள். அவன் தரையில் காதை வைத்துக் கேட்டான். எழுந்தபோது முகத்தில் கிண்டல் இல்லை.

"கிளம்பிடலாம்," என்றான்.

நங்கூரம் வரவில்லை. சங்கிலி விறைத்து நின்றது. எஞ்சினைப் போட்டு முன்னும் பின்னும் இழுத்துப் பார்த்தார்கள், எங்கோ பாறையில் மாட்டிக்கொண்டிருந்தது. அறுத்துவிடலாம் என்றாள் அவள். அந்தத் தடிமனான இரும்பை அறுக்கப் படகில் ஒன்றுமில்லை. யாராவது கீழே போய் எடுத்துவிட வேண்டும். வெயில் மஞ்சளாகி மரங்களுக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்தது. இன்னும் ஒரு மணி நேரம் போனால் தண்ணீருக்குள் கையே தெரியாது.

கேபின் தரையில் முட்டிபோட்டு உட்கார்ந்து அவள் அவன் இடுப்பில் கயிற்றைக் கட்டினாள். முடிச்சின்மேல் முடிச்சு.

"ரெண்டு வேணாம், மூணும் வேணாம்," என்றாள். "சங்கிலிய எடுத்துவிட்டுட்டு வந்து நாலு தட்டுங்க. நாம நாலு பேர். நாலு கேட்டாதான் ஏணி இறங்கும். வேற எது தட்டினாலும் நான் அசைய மாட்டேன்."

"நாலு," என்றான் அவன். அவர்களுக்குக் கீழே தரை அமைதியாக இருந்தது. அந்த அமைதியை அவள் அப்போது பெரிதாக நினைக்கவில்லை.

முன்பக்கம் சங்கிலி இறங்கும் இடத்தில் அவன் குதித்தான். மூத்தவள் அங்கே நின்று கயிற்றை விட்டுக்கொடுத்தாள். பின்பக்கம் ஏணியருகே அவளும் வாண்டுவும். தண்ணீர் கறுத்துக்கொண்டு வந்தது.

தட்டல். இரண்டு.

அவள் பல்லைக் கடித்தாள்.

தட்டல். மூன்று. வாண்டுவின் கை தானாக ஏணிக்குப் போனது. அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"விடும்மா. மூணு தட்டிட்டாரு."

"அது அப்பா இல்ல."

"அப்பாவா இருந்தா?" அவன் அழ ஆரம்பித்திருந்தான். "மறந்துபோய்த் தட்டியிருந்தா?"

 அவள் பிடியை விடவில்லை. மூன்று. மறுபடி மூன்று. காலுக்கு நேர் கீழே. பொறுமையில்லாமல். தண்ணீருக்குள் அவன் மூச்சு தீர்ந்துகொண்டிருந்தால்? அவள் சொன்ன சட்டத்தாலேயே அவன் செத்துப்போனால்? "நாலு," என்று தண்ணீரைப் பார்த்துச் சொன்னாள். "நாலுதான்."

நிசப்தம்.

பிறகு, ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு.

"இறக்கு!" என்று அவள் கத்தினாள். வாண்டு ஏணியைத் தள்ளினான். அது தண்ணீரில் விழுந்து நின்றது. அவள் குனிந்து கையை நீட்டிக்கொண்டு காத்திருந்தாள். யாரும் வரவில்லை.

முன்பக்கத்திலிருந்து மூத்தவள் அலறினாள். "அம்மா! அப்பா இங்க இருக்காரு! இழுங்க!"

ஓடினார்கள். சங்கிலியைக் கட்டிப்பிடித்தபடி அவன் தலை தண்ணீருக்கு மேலே தெரிந்தது. உதடு நீலம் பாரித்திருந்தது. மூவரும் கயிற்றைப் பிடித்து, தோலைச் சிராய்த்துக்கொண்டு அவனைத் தளத்துக்கு ஏற்றினார்கள். அவள் நங்கூரத்தை ஏற்றும் பொத்தானை அழுத்தினாள், சங்கிலி கடகடவென்று வந்தது. அவன் குப்புறப் படுத்து இருமினான். அவள் அவன் முதுகைத் தடவினாள். உயிரோடு இருந்தான். அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது.

"நாலு தட்டினீங்களேப்பா, பின்னாடி ஏணி போட்டேனே," என்றான் வாண்டு.

"நானா?" அவன் இருமலுக்கு நடுவே நிமிர்ந்தான். "சங்கிலிய விட்டு நான் எங்கடா வந்தேன்? அடிப்பலகைப் பக்கமே போகல."

கேபின் தரையில் முட்டிபோட்டுத்தான் அவள் சொல்லியிருந்தாள். நாலு என்று. பலகைக்கு அடியில் அது கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறது.

அவள் பின்பக்கம் போய் எஞ்சினைப் போட்டுப் படகைக் கிளப்பினாள். ஏணி இறங்கியே கிடந்தது. தண்ணீரைத் தொடாத மேல்படிகளும் நனைந்திருந்தன. ஈரம் அங்கே நிற்கவில்லை. இருக்கைகளுக்கு நடுவே வந்து, சுக்கானைச் சுற்றிக்கொண்டு, கேபின் வாசலில் இறங்கியிருந்தது. அந்தக் கயிற்று நாற்றம்.

அவள் ஓடவில்லை. ஓட இடமும் இல்லை. கேபின் வாசலின் மேல்மூடியை இழுத்துச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டாள். "எல்லாரும் முன்னாடியே இருங்க," என்று கத்தினாள். எண்ணினாள். கணவன். மூத்தவள். வாண்டு. தான். நாலு.

உள்ளிருந்து தட்டல் வந்தது.

ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு.

ஐந்து.

 அவள் மூடியின்மேல் ஏறி இரண்டு காலையும் அகட்டி ஊன்றினாள்.

"இது என் வீடு," என்றாள். குரல் உடைந்தது, இன்னும் சத்தமாகச் சொன்னாள். "தெரியாம உன்னச் சேத்துட்டேன். இப்ப எடுத்துட்டேன். கேட்டுச்சா? நாங்க நாலு பேர்தான்."

வெறுங்காலால் ஓங்கி மிதித்தாள். ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு.

படகு தீவை விட்டு விலகிக்கொண்டிருந்தது. மங்கலான பிளாஸ்டிக் மூடிக்குக் கீழே, அவள் பாதங்களுக்கு நடுவில், ஒரு உள்ளங்கை வந்து படிந்தது. ரொம்ப காலம் தண்ணீரில் ஊறிய வெளுப்பு. சுருக்கம். அவள் அதன் மேலேயே மறுபடி நாலு முறை மிதித்தாள். கை விலகவில்லை. ஒரு விரல் மட்டும் மெதுவாக எழும்பி, அவள் உள்ளங்கால் பட்டிருந்த இடத்தில், ஐந்தாவதைத் தட்டியது.