குறுக்கு ராடு

பல் டாக்டர் வீட்டுக்குப் போன அன்றைக்கு எனக்கு முட்டி வலி உயிர் போனது. “பழைய நார்ட்டன் ஒண்ணு வாங்கியிருக்கேன், என்ன மாடல்னு வந்து பார்த்துச் சொல்லுங்க” என்று நாலு நாளாக விடாமல் ஃபோன். பழைய பிரிட்டிஷ் பைக் என்று யாராவது சொன்னால், பத்துக்கு ஒன்பது, நாலு வண்டியின் உதிரியை ஒன்றாகக் கட்டிவைத்த மூட்டையாகத்தான் இருக்கும். முப்பது வருஷமாகப் பழைய பைக்குகளைப் புதுப்பிக்கிற இதே பொழப்பு. ஆசையெல்லாம் எப்போதோ தீர்ந்துவிட்டது. கை பழக்கதோஷத்தில் வேலை செய்கிறது, அவ்வளவுதான்.

கூட என் மச்சான் வந்தான். மனைவியின் தம்பி. அம்மா போனபிறகு அவனைத் தூக்கி வளர்த்தவள் அவள்தான். அவளுக்கு அவன் தம்பி இல்லை, மூத்த பிள்ளை. அவனை என் ஒர்க்‌ஷாப்பில் சேர்த்தபோது ஒரே ஒரு வார்த்தை சொன்னாள். “அவன் மேல ஒரு கீறல் விழுந்தாலும் உங்களைத்தான் கேப்பேன்.” என் முட்டி கெட்டபிறகு கிக்கர் உதைப்பது, ஓட்டிப் பார்ப்பது எல்லாம் அவன் தலையில்தான். நான் பட்டறைக் கதவருகே நின்று சத்தத்தை வைத்து என்ன கோளாறு என்று சொல்வேன்.

டாக்டர் வீட்டுக்குப் பின்னால் தகர ஷெட். தார்ப்பாயை இழுத்ததும் எலிப்புழுக்கை நாற்றமும் பழைய ஆயில் நாற்றமும் மூஞ்சியில் அடித்தது. மேலே கறுப்பு பெயின்ட், பிளேடால் சுரண்டினால் அதற்குக் கீழே சிவப்பு, அதற்கும் கீழே ராணுவப் பச்சை. சிலிண்டருக்குக் கீழே, இன்ஜின் நம்பர் இருக்கிற இடத்தில் மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்து, காகிதத்தை வைத்து பென்சிலால் உரசினேன். W என்ற எழுத்தும் பின்னால் எண்களும் தெளிந்து வந்தன. ஃபிரேமிலும் அதே போல உரசினோம்.

ரெண்டும் ஒரே நம்பர்.

“பத்துப் பொருத்தமும் இருக்கு மாமா!” என்று மச்சான் துள்ளினான். யுத்த காலத்து 16எச் மாடல். இன்ஜினும் ஃபிரேமும் பிரியாமல் வந்திருக்கிறது. பொய் சொல்வானேன், எனக்கே சிலிர்த்தது.

அதில் ஒரே ஒரு அசிங்கம். அந்தக் கால பிரிட்டிஷ் வண்டிகளில் கியர் வலது காலுக்கு, பிரேக் இடது காலுக்கு. இப்போதைய வண்டிகளுக்கு நேர் எதிர். யாரோ ஒரு புண்ணியவான் வண்டிக்கு அடியில் குறுக்கே ரெண்டு ராடை வெல்டு வைத்து, பிரேக்கை வலது பக்கமும் கியரை இடது பக்கமும் மாற்றியிருந்தான். வெல்டிங்கா அது? காக்கா எச்சம் மாதிரி.

“இதை வித்தவர் ஒரு ரிட்டயர்டு கிளார்க்” என்றார் டாக்டர். “இருபது வருஷமா எடுக்கவே இல்லையாம். எனக்கு கம்பெனியில இருந்து வந்த மாதிரியே வேணும்.”

“கம்பெனிக்காரன் வைக்காத எதையும் நான் வண்டியில விடமாட்டேன் சார்” என்றேன். வாய்க்கொழுப்பு. பட்டறைக்கு வந்ததும் முதல் வேலையாக ஹேக்சா பிளேடைப் போட்டு ரெண்டு ராடையும் அறுத்தது நான்தான். வேறு யாரும் இல்லை, நான்தான்.

மூன்று மாதம் ஓடியது. இன்ஜினைப் பிரித்தோம், பிளக்குக்குப் பொறி கொடுக்கிற மாக்னெட்டோவுக்குப் புதுக் காயில் சுற்றினோம், கியரையும் பிரேக்கையும் பழையபடி வைத்தோம். பிரேக் லைனிங் புதுசு, நானே பொருத்தினேன். எல்லாம் ஒழுங்காகத்தான் போனது.

கியர் லீவர் வளைய ஆரம்பிக்கும்வரை.

ஒரு நாள் காலையில் பார்த்தால் வலது பக்கத்து லீவர் கீழ்நோக்கி வளைந்திருக்கிறது. மச்சானைத் திட்டினேன். “மேல ஏறி ஆடினியாடா?”

“எனக்கு வேற வேலை இல்லையா மாமா?”

சூடு காட்டி நிமிர்த்தினேன். மறுநாள் திரும்பவும் வளைந்திருந்தது. வேறு லீவர் தேடிப் போட்டேன். சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் அதுவும் வளைந்திருந்தது. கட்டைவிரல் கனத்துக்கு இரும்பு அது, சும்மா கை வைத்தால் வளைகிற சாமானா?

ஒரு மத்தியானம் நான் மட்டும் இருந்தேன். மச்சான் ஸ்பார்க் பிளக் வாங்கப் போயிருந்தான். நார்ட்டன் ஸ்டாண்டில் நின்றது, கியர் நியூட்ரலில். எதிரே ஸ்டூலில் உட்கார்ந்து சக்கரத்துக் கம்பிகளை முறுக்கிக்கொண்டிருந்தேன். நல்ல வெயில் வெளிச்சம். தெருவில் பாத்திரக்காரன் கத்திக்கொண்டு போனான்.

சீட்டுக்கு அடியில் இருந்த ஸ்பிரிங் கிரீச் என்றது.

நிமிர்ந்தேன். தோல் சீட் மெதுவாக அமுங்கியது. யாரோ காலைத் தூக்கிப் போட்டு உட்கார்கிற மாதிரி, முதலில் இடது ஓரம், அப்புறம் முழுசாக.

எங்கிருந்தோ ரப்பர் கருகுகிற வாடை வந்தது.

டக்.

கியர் லீவர் கீழே இறங்கியது. மேலே வந்தது.

டக். டக். டக்.

நார்ட்டனில் முதல் கியருக்குத்தான் மேலே தூக்கணும். மற்றதெல்லாம் கீழே மிதிக்கணும். மிதிக்க மிதிக்க வேகம் கூடும். நாலாவது கியருக்கு மேல் அதற்குப் போக இடமில்லை. ஆனாலும் லீவர் கீழேயே அழுந்தி நின்றது. இரும்பு முனகுவது காதில் விழுந்தது. என் கண் முன்னாலேயே அது வளைந்தது.

கையில் இருந்த ஸ்பேனர் நழுவி விழுந்தது. அந்தச் சத்தத்தில் சீட் சட்டென்று மேலே எழுந்தது. அவ்வளவுதான். பாத்திரக்காரன் குரல் தெருமுனையில் தேய்ந்து போனது.

மச்சான் வந்ததும் சொல்லியிருக்கணும். சொல்லவில்லை. ஏன் என்று இப்போதும் என்னையே கேட்டுக்கொள்கிறேன். பயம் ஒரு பக்கம் இருந்தது. ஆனால் உண்மையைச் சொன்னால், அலுப்பு. சொன்னால் சிரிப்பான், நான் விளக்கணும், டாக்டருக்குச் சொல்லணும், மறுபடி எல்லாவற்றையும் பிரிக்கணும். கண் களைத்துப்போச்சு, தூங்கினால் சரியாகும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு லீவரை நிமிர்த்திவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்தேன்.

ரெண்டு நாள் கழித்து, காலை பத்து மணிக்கு ஓட்டம் பார்க்க வண்டியை வெளியே எடுத்தோம். மச்சான் ரெண்டாவது உதையிலேயே இன்ஜினை எழுப்பினான்.

“பிரேக் இடது கால், ஞாபகம் இருக்கா?” என்றேன்.

“எத்தனை தடவை மாமா சொல்வீங்க? காது புளிச்சுப் போச்சு.”

“மாப்ளே...” என்றேன். அவன் திரும்பிப் பார்த்தான். சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். “மெதுவாப் போ” என்றுதான் வந்தது.

வழக்கம்போல கதவருகே நின்று சத்தம் கேட்டேன். முதல் கியர். ரெண்டு. மூன்று. பட்டறையைத் தாண்டினால் சரிவு, சரிவு முடிகிற இடத்தில் பெரிய ரோடு. சரிவின் தொடக்கத்தில் வண்டியின் குரல் தணியவேண்டும், அங்கேதான் அவன் பிரேக் பிடிப்பான்.

தணியவில்லை.

டக் என்று நாலாவது கியர் விழுந்தது. இன்ஜின் சத்தம் சரிவில் இறங்கி ஓடியது.

அப்புறம் ஒரு இழுபடும் சத்தம். நீளமாக. அப்புறம் ஒன்றுமே இல்லை.

முட்டியாவது வலியாவது, ஓடினேன். வண்டி வலது பக்கமாகச் சாய்ந்து ரோட்டை உரசிக்கொண்டே போய், நின்றிருந்த லாரியின் பின்சக்கரத்தில் முட்டிக் கிடந்தது. தலையில் அடியில்லை, கையில் சிராய்ப்பு. வலது கால் மட்டும் வண்டிக்கும் ரோட்டுக்கும் நடுவில். நாலு பேர் சேர்ந்து தூக்கியும் அந்தக் காலை லீவரிலிருந்து எடுக்க முடியவில்லை. ஒரு கடைக்காரர் கடப்பாரை கொண்டுவந்து நெம்பினார்.

ஆம்புலன்ஸில் என் சட்டையைப் பிடித்து இழுத்து, காதோடு காதாகச் சொன்னான்.

“இடது காலைத்தான் அழுத்தினேன் மாமா. சத்தியமா. வண்டி நிக்கப் பார்த்துச்சு.”

“பேசாதடா.”

“வலது கால் மேல யாரோ காலை வச்சாங்க. விழும்போது எடுக்கப் பார்த்தேன். விடல. கடைசி வரைக்கும் மிதிச்சுக்கிட்டே இருந்தாங்க.”

முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். பாதத்தில் எலும்பு என்று ஒன்றும் மிச்சமில்லை என்றார் ஆஸ்பத்திரி டாக்டர். என் மனைவி ஆஸ்பத்திரி வராந்தாவில் என்னைப் பார்த்தாள். திட்டுவாள், அடிப்பாள் என்று நினைத்தேன். ஒரு வார்த்தை பேசவில்லை. அன்றிலிருந்து இன்றுவரை பேசவில்லை. சோறு மட்டும் போடுகிறாள்.

பல் டாக்டரிடம் விலாசம் வாங்கிக்கொண்டு, வண்டியை விற்ற கிளார்க்கைத் தேடிப் போனேன். கதவைத் திறந்தவர் என் கையில் இருந்த கிரீஸ் கறையைப் பார்த்தார்.

“நார்ட்டன் மெக்கானிக்கா?” என்றார். நான் தலையாட்டினேன். “அந்த ராடை எடுத்துட்டீங்களா?”

“நான்தான் சார் அறுத்தேன்” என்றேன்.

உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார். வண்டி அவருடைய அண்ணனுடையது. அண்ணன் தினமும் வேலைக்குப் போனது வேறு ஒரு புது வண்டியில். வலது கால் பிரேக் அதில் ஊறிப்போன பழக்கம். ஆசைக்கு இதை வாங்கி, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் எடுத்துக்கொண்டு கிளம்பியிருக்கிறார். குறுக்கே பஸ் வந்தது. பதற்றத்தில் வலது காலை மிதித்தார். கியர் ஏறியது. இன்னும் பலமாக மிதித்தார்.

“அண்ணன் உடம்பை எடுக்கும்போதும் வலது கால் லீவர் மேலதான் இருந்துச்சு” என்றார். “வண்டியைச் சரி பண்ணி நான் ஓட்டிப் பார்த்தேன். பாதி தூரம்கூடப் போகல. என் கால் மேல கால். அண்ணனுக்குப் பிரேக் பிடிக்கணும், பாவம். அதான் எங்க மிதிக்கிறாரோ அங்கயே பிரேக்கைக் கொண்டுபோய் வச்சேன். அப்புறம் தொந்தரவு இல்ல.”

“விக்கும்போது சொல்லியிருக்கலாமே சார்.”

“சொன்னா நம்பியிருப்பீங்களா?” என்றார். அவரைத் திட்ட எனக்கு யோக்கியதை இல்லை. கண்ணால் பார்த்தும் எனக்கே சொல்ல வாய் வரவில்லையே.

பட்டறைக்குத் திரும்பி, விபத்தில் வளைந்ததையெல்லாம் நிமிர்த்தி, குப்பையில் கிடந்த ரெண்டு ராடையும் பொறுக்கியெடுத்து, அதே இடத்தில் வெல்டு வைத்தேன். அவசரத்தில் என் வெல்டிங்கும் காக்கா எச்சமாகத்தான் வந்தது. வண்டிக்கு எதிரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். ஒரு நாள் முழுக்க. மறுநாளும்.

சீட் அமுங்கவில்லை. மிதி அசையவில்லை. பல் டாக்டர் வந்து, முகத்தைச் சுளித்து, வண்டியை அப்படியே ஏற்றிக்கொண்டு போனார். ஓட்டியும் பார்த்தாராம். “ஒரு பிரச்சினையும் இல்ல, பூ மாதிரி ஓடுது” என்று ஃபோனில் சொன்னார். அப்பாடா, கிளார்க்கோட அண்ணனுக்குப் பிரேக் பிடித்துவிட்டது, போய்ச்சேர்ந்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன். பல நாள் கழித்து அன்றைக்குத்தான் கொஞ்சம் மூச்சு விட்டேன்.

சாயங்காலம் மச்சானைப் பார்க்கப் போனேன். ஜன்னல் வழியாக மஞ்சள் வெயில் கட்டில் மேல் விழுந்திருந்தது. ஊசி போட்டு அசந்து தூங்கிக்கொண்டிருந்தான். மனைவி நான் வந்ததைப் பார்த்ததும் எழுந்து ஃபிளாஸ்க்கோடு வெளியே போனாள். நான் கால்மாட்டில் உட்கார்ந்தேன்.

போர்வைக்குக் கீழே இடது கால் நீளமாகத் தெரிந்தது. வலது பக்கம் முழங்காலோடு மேடு முடிந்து, அப்புறம் போர்வை தட்டையாகக் கிடந்தது. அதைப் பார்க்கக்கூடாது என்று எவ்வளவு முயன்றும் கண் அங்கேதான் போனது.

ரப்பர் கருகுகிற வாடை வந்தது.

தட்டையாகக் கிடந்த அந்தப் போர்வை, ஒரு பாதத்தின் அகலத்துக்கு, உள்ளே அமுங்கியது. மெத்தை குழிந்தது. கட்டில் கம்பி முனகியது.

எழுந்தது.

மறுபடி அமுங்கியது, இன்னும் ஆழமாக.

என் ரெண்டு கையையும் அந்த இடத்துக்கு அடியில் கொடுத்து மெத்தையைத் தூக்கிப் பிடித்தேன். என் பலம் எந்த மூலைக்கு? மேலேயிருந்து ஒரு முழு ஆளின் கனம் என் கையோடு சேர்த்து அழுத்தியது.

மச்சான் கண்ணைத் திறக்கவில்லை. உதடு மட்டும் அசைந்தது.

“வண்டி நிக்க மாட்டேங்குது மாமா.”