நான்காம் குழி

நேற்று ரப்பரால் அழித்த வட்டம் காலையில் வரைபடத்தில் திரும்பவும் இருந்தது.

எலியா மேசையருகில் நின்று அதைப் பார்த்தான். காலணா அளவுக்கு ஒரு வட்டம், நடுவில் அவன் கையெழுத்தில் 4 என்ற எண். பென்சிலை அழுத்தி வரைந்தால் தாளில் பள்ளம் விழும், ஈரக்காற்றில் அது எழுந்து தெரியும் என்று தனக்குள் சொல்லிக்கொண்டான். மறுபடி தேய்த்தான். துகள்களை ஊதினான். தாள் வெளுத்து மெலிந்து, வட்டம் போயிற்று. மாமனார் கனகதாஸ் மதியம் களியக்காவிளையிலிருந்து வருவதாகக் கார்டு போட்டிருந்தார். இந்தப் படத்தைப் பார்க்கத்தான் வருகிறார்.

இந்த வீடு நிற்கும் மேட்டுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று காட்டும் படம் அது. குளத்தூர்ப் பக்கத்தில் இந்த மேட்டை ஐம்பது வருஷத்துக்கு முன் ஒரு வெள்ளைக்காரக் கம்பெனி குடைந்து கிராஃபைட் எடுத்தது. பென்சிலில் இருக்கும் அதே கரி. ஆட்கள் அதை வெட்டி மேலே ஏற்றினார்கள். தொட்டியில் கழுவி, கூட வந்த அப்பிரகத்தைப் பிரித்து, பீப்பாயில் அடைத்துக் கப்பலேற்றினார்கள். சீமையில் அதைக்கொண்டு எஃகு உருக்கும் மூசைகள் செய்தார்கள். ஆழம் கூடியபோது தண்ணீர் வந்தது. குழிகளை மூடிவிட்டுக் கம்பெனி போய்விட்டது. இந்த வரலாறுதான் எலியாவின் ஆராய்ச்சி. கம்பெனியின் பழைய சரக்குக் கிட்டங்கி இப்போது அவனுடைய வாடகை வீடு. கல்யாணமான கையோடு புஷ்பபாயை இங்கேதான் கூட்டிவந்தான்.

அவள் போய் இரண்டு வருஷம் ஆகிறது. ஆகஸ்டில் ஒரு நாள், அடுக்களைக்குப் பின்னால் துவைகல் கிடந்த தரை அவளோடு இறங்கிவிட்டது. ஆட்கள் மூன்று நாள் தோண்டினார்கள். தோண்டத் தோண்டக் கரை இடிந்தது, தண்ணீர் ஏறியது. உடல் கிடைக்கவில்லை. போதகர் குழியோரத்தில் நின்று ஜெபம் செய்தார். எஞ்சிய பள்ளத்தைச் சுற்றிப் பனைமட்டையால் வேலி கட்டினார்கள்.

கனகதாஸ் ஒரு மணிக்கு வந்தார். குடையை மடக்கிச் சுவரில் சாய்த்துவிட்டு அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஒரு நல்ல சட்டை போடப்படாதா மக்கா? மருமொவன நான் பட்டினி போட்டிருக்கேன்னு ஊருல பேச்சு."

"இருங்க மாமா. சாயா போடுதேன்."

"குடிச்சிடுவோம். வியாழக்கிழமை முதல் நான் மெட்ராஸ்காரனாக்கும், நீ கேரளத்துக்காரன். அப்புறம் ஒனக்க சாயாவுக்குப் பாஸ்போர்ட்டு கேப்பானுவளோ என்னவோ. இதுக்குத்தான் இத்தனை பேரு அடி வாங்கினானுவ, பாத்துக்க." அவரே சிரித்தார். பிறகு சிரிப்பை விட்டுவிட்டார். "எல்லைக்கோடு விழுறதுக்கு முந்தி பிள்ளைய எடுக்கணும் மக்கா. எலும்பாவது. அவளுக்க அம்மைக்குப் பக்கத்துல எடம் சொல்லி வச்சிருக்கேன்."

எலியா சாயாவை ஆற்றி அவர் முன்னால் வைத்தான்.

"கம்பெனியில வேலை செய்த ஒரு கிழவனைப் பாத்தேன். குழிக்கு அடியிலேருந்து கீழ ஓடுத தோட்டுக்கரைக்கு, தண்ணி வடிய ஒரு வழி வெட்டியிருப்பானுவளாம். அதுவழியா கேறினா இடியாம எடுக்கலாம். படத்துல பாத்தா வழி தெரியும்ணு சொல்லுதான். ஒனக்க படத்துல உண்டா?"

உண்டு. நான்காம் குழியின் அடியிலிருந்து தெற்கே நூற்றிருபது அடி. இரண்டு இணைகோடுகள். அவற்றையும் நேற்றே அழித்திருந்தான்.

படத்தின் மூலையில் அவன் கையெழுத்து இருந்தது; கீழே தேதி, 5 மார்ச் 1954. மை. மை அழியாது. திருவனந்தபுரத்தில் பழைய ஆவணங்களோடு உட்கார்ந்து அவன் பிரதி எடுத்த நாள். அடுத்த ஞாயிறு புஷ்பபாய் சபைக்குப் போயிருந்தபோது வாசற்படியிலிருந்து நாடா பிடித்து அளந்தான். நாடா துவைகல்லில் போய் நின்றது. கல்லுக்குக் கீழே மண், மண்ணுக்குக் கீழே குழிவாயை மூடிய நாற்பது வருஷத்துத் தேக்குத் தடிகள், அதற்குக் கீழே ஒன்றுமில்லை. அவளிடம் சொன்னால் வேறு வீடு பார் என்பாள். நான்காம் குழியைக் கண்டுபிடித்தது நான் என்று எழுத அவனுக்கு ஆசை. மழைக்கு முன் சொல்லிவிடலாம் என்று இருந்தான். மழை வந்தது. அவள் தினமும் அந்தக் கல்லில் நின்று துவைத்தாள்.

"இல்ல மாமா," என்றான். "அந்தப் பக்கம் குழியே காட்டல. நீங்களே பாருங்க."

கனகதாஸ் தாளைச் சன்னலுக்குக் கொண்டுபோனார். அவர் பெருவிரல் மெல்ல நகர்ந்து ஓரிடத்தில் நின்றது.

"இஞ்ச தாளு தேஞ்சிருக்கே."

"பழைய தாளு மாமா."

"ம்." விரலைத் திருப்பிப் பார்த்து வேட்டியில் துடைத்தார். சாயாவைத் தொடவில்லை. "மூணு மணிக்கு பஸ்ஸு உண்டு. வாறேன்." வாசலில் குடையை விரித்தவர் திரும்பாமலே கேட்டார். "அண்ணைக்கு அவ கூப்பிட்டாளா மக்கா? நீ வீட்டுலதானே இருந்தே."

"ஒண்ணும் கேக்கல மாமா."

அவர் போனபின் ஐப்பசியின் துலாமழை இறுகியது. இரண்டு மணிக்கே வீட்டுக்குள் இருட்டு கட்டியது, ஓட்டில் விழும் மழை ஒரே சத்தமாகித் தேய்ந்து மௌனம் போலக் கேட்டது, அந்த மௌனத்துக்குள் கூரை இறவாணத்துச் சொட்டுகள் தனித்தனியாக எண்ணும்படி கேட்டன, சுவரோரம் ஏறிய ஈரத்தின் வாடையோடு வேறொரு வாடையும் வந்தது, நனைந்த கரியும் பார்சோப்பும் கலந்த வாடை, இரண்டு வருஷமாக இந்த வீட்டில் யாரும் துணி துவைக்கவில்லை.

அப்போது தட்டும் சத்தம்.

மூன்று முறை. இடைவெளி விட்டு.

அவனுக்கு அந்தத் தட்டு தெரியும். கம்பெனியின் விதிப்புத்தகத்தில் படித்திருந்தான். குழிக்குள் இருப்பவன் மேலே கயிறு பிடிப்பவனுக்குத் தரும் அடையாளம். ஒரு தட்டு: நிறுத்து. இரண்டு: இறக்கு. மூன்று: கயிற்றில் ஆள் இருக்கிறது, தூக்கு. இதை அவன் புஷ்பபாய்க்கு விளையாட்டாகச் சொல்லிக்கொடுத்தான். அதன்பின் சோறு தயாரானால் அவள் கூப்பிடுவதில்லை. அடுக்களைச் சுவரில் அகப்பைக் காம்பால் தட்டுவாள். மூன்று, மெதுவாக.

அந்த ஆகஸ்ட், மார்த்தாண்டத்தில் துப்பாக்கிச் சூடு நடந்த வாரம். தமிழ்ப் பகுதிகளை மெட்ராஸோடு சேர்க்கும் போராட்டத்துக்கு அவன் சுவரொட்டி எழுதியிருந்தான். நட்டுச்சை வெயிலில் போலீஸ் வண்டி கீழே ரோட்டில் வந்து நின்றது. அவன் கட்டிலுக்கு அடியில் புகுந்துகொண்டான். கொஞ்ச நேரத்தில் தட்டு கேட்டது. கதவைத் தட்டுகிறார்கள் என்று நினைத்தேன், அதனால் எழவில்லை. போதகரிடம் அப்படித்தான் சொன்னான். யாரும் மேற்கொண்டு கேட்கவில்லை. அந்த வாரம் எல்லா வீட்டிலும் கதவுத் தட்டுக்குப் பயம் இருந்தது.

கதவை யாரும் அப்படி மெதுவாகத் தட்டுவதில்லை. அவன் கன்னம் தரையில் இருந்தது. தட்டு தரை வழியாகக் கன்னத்துக்கு வந்தது. மூன்று. பிறகு மூன்று. முதல் மூன்றிலேயே அவனுக்குத் தெரியும். வண்டி ஒரு மணி நேரம் நின்றது. வண்டி போன பிறகும் தட்டு கொஞ்ச நேரம் வந்தது. அது நின்ற பிறகே அவன் எழுந்தான்.

இப்போது மறுபடி. மூன்று.

மேசைக்குப் போனான். வட்டம் இருந்தது. பெரிதாகியிருந்தது, ஒரு ரூபாய் அளவுக்கு. ரப்பரை எடுத்துத் தேய்த்தான். தேய்க்கத் தேய்க்கக் கறுத்தது. உள்ளங்கை வழுக்கியது. கரி விரலில் ஏறி, மணிக்கட்டில் ஏறி, ஈயம் போல மின்னியது. அடுக்களைச் சுவரில், முழங்கால் உயரத்தில், மின்னும் கைத்தடங்கள். சின்னக் கை. கீழிருந்து மேலே.

மூன்று.

பஸ் இன்னும் வந்திருக்காது. கனகதாஸ் ரோட்டில் நிற்பார். ஓடிப்போய்ச் சொல்லலாம். மாமா, வழி உண்டு. தெற்கே, நூற்றிருபது அடி. வாசல் வரை போனான். மழைக்குள் குடை தெரிந்தது. அவர் இந்தப் பக்கமாகவே பார்த்துக்கொண்டு நின்றார்.

வாசலைச் சாத்தினான்.

பின்கதவைத் திறந்தான். வேலி சரிந்து கிடந்தது. பள்ளத்தின் ஓரத்தில் நனைந்த தரை. குனிந்து ஒரு கல்லை எடுத்தான். முட்டிபோட்டான். மழை முதுகில் விழுந்தது. 

தட்டினான்.

ஒரு முறை.

நிறுத்து.

எல்லாம் நின்றது. சொட்டும் நின்றது போல இருந்தது. அவன் மூச்சு விட்டான்.

பதில் வந்தது. முட்டிக்கு நேர் கீழே.

இரண்டு.

தரை இறங்கியது.

இடுப்பளவு தண்ணீர். இருட்டு. வாயில் மண். எலும்பு முறியவில்லை. சுவரைத் தொட்டான், விரல் வழுக்கியது. தொட்ட இடமெல்லாம் வழுக்கியது. வெகு உயரத்தில் வட்டமாக ஆகாயம். காலணா அளவு.

அருகில் மூச்சுச் சத்தம் எதுவும் இல்லை. ஆனால் யாரோ நின்றார்கள். சோப்பு வாடை.

ஒரு கை அவன் கையைத் தேடிப் பிடித்தது. குளிர்ந்த, வழுக்கும் கை. அவன் உள்ளங்கையில் ஒரு கல்லை வைத்தது. விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிவிட்டது.

தட்டினான். மூன்று. அவளும் தட்டினாள். மூன்று.

மேலே வீட்டுக்குள் கட்டில் கிரீச்சிட்டது. அடியிலிருந்து யாரோ வெளியே வந்தார்கள். நடை. அவனுடைய நடை. நாற்காலி இழுபட்டது.

மூன்று. மூன்று.

பிறகு அந்தச் சத்தம். மெதுவாக, பொறுமையாக, தாள் மேல்.

ஆகாயத்தின் ஓரம் மங்கியது. வட்டத்தில் ஒரு பக்கம் இல்லை. பிறகு இன்னொரு பக்கம்.

முகத்தில் ஏதோ உதிர்ந்தது. மழை என்று நினைத்துத் துடைத்தான். விரலிடுக்கில் மிருதுவாக உருண்டது.

ரப்பர்த் துகள்.