உண்ணி மணல்

கார்மேகம் கொட்டகை நிழலில் உட்காரவே மாட்டான். அல் ஐனுக்கு வெளியே, மணல் நடுவே கிடந்த அந்த ஒட்டகப் பண்ணையில் வேறு நிழல் கிடையாது. ஆனாலும் உச்சி வெயிலில், தாடையில் வியர்வை சொட்டச் சொட்ட, வண்டியோரம் நின்றபடியேதான் சாப்பிடுவான். சேதுபதிக்கு அது விளங்கவில்லை. அவன் தங்கை கனகாவின் புருஷன்தான் கார்மேகம். துபாய் சைட்டில் கம்பி கட்டிக்கொண்டிருந்த சேதுபதியை, "லேசான வேலை மச்சான், கபீல் மொதலாளியும் நல்ல மனுசன்" என்று இங்கே கூட்டிவந்ததும் அவனே.

ஒருநாள் மத்தியானம், சாணமும் காய்ந்த புல்லும் கலந்த நெடியில், ஒட்டகங்கள் அசைபோடும் ஈரச் சத்தத்தைக் கேட்டபடி சேதுபதி அந்த நிழலில் கண்ணயர்ந்துவிட்டான். தொடையிடுக்கில் அரிப்பெடுத்து விழித்தபோது, தோலில் தலையைப் புதைத்துக்கொண்டிருந்தது ஓர் உண்ணி.

"மாப்ள, இங்க பாரு!" சிரித்தபடியே பிடுங்கி, நகத்தில் வைத்து நசுக்கினான். விரலெல்லாம் ரத்தம்.

கார்மேகம் சிரிக்கவில்லை. ஓரடி பின்னால் போனான்.

"கையாலயா நசுக்குன?"

"ஆமா. ஏன்?"

"ஒண்ணுமில்ல. கழுவிக்க."

அதன்பின் கார்மேகம் இருவரும் படுக்கும் அறைக்குள் வரவில்லை. வண்டிக் கண்ணாடியை ஏற்றிவிட்டு உள்ளேயே படுத்தான். சேதுபதிக்குக் காய்ச்சல் கண்ட காலையில், "மருந்து வாங்கிட்டு வந்துர்றேன்" என்று கிளம்பினான். கேட்டில் சங்கிலி சுற்றும் சத்தம். பூட்டு விழும் சத்தம். வண்டிச் சத்தம் தேய்ந்து மறைந்தது.

மறுநாளும் வரவில்லை. ஈறு கசிந்தது. தலையணை சிவந்தது. சேதுபதி போன் போட்டான்.

"எங்க இருக்க மாப்ள? வாயெல்லாம் ரத்தம்."

மறுமுனையில் விமான நிலைய அறிவிப்பு கேட்டது.

"முன்ன இருந்த பெங்காலிக்கும் இப்படித்தான் மச்சான் ஆரம்பிச்சுச்சு."

"தெரிஞ்சேவா என்னைய கூட்டியாந்த?"

"மாத்தாள் விட்டாத்தான் ஊருக்கு அனுப்புவேன்னு கபீல் சொல்லிட்டாரு. எனக்கும் பிள்ளைக இருக்குல்ல?"

"என் தங்கச்சி பிள்ளைகதானேடா..."

"கனகாட்ட சொல்லிராத மச்சான்."

போன் கட்டானது. மறுபடி போட்டான். எடுக்கவில்லை. கட்டிலிலிருந்து இறங்கக் காலை ஊன்றியவன் தரையில் முகம் குப்புற விழுந்தான்.

கதவிடுக்கில் வெயில் ஒரு கோடாகக் கிடந்தது. அந்தக் கோட்டை ஏதோ கடந்தது. பிறகு இன்னொன்று. பிறகு கோடே தெரியவில்லை. பழுப்பு உண்ணிகள். வரி போட்ட கால்கள். அவன் வாயை நோக்கியே ஓடிவந்தன.

அவன் மூச்சை அடக்கினான்.

நின்றன. முன்னங்கால்களைத் தூக்கிக் காற்றைத் துழாவின.

அடக்கினான். நெஞ்சு எரிந்தது. இன்னும் அடக்கினான்.

மூச்சு வெளியே வந்தது.

எல்லாம் ஒன்றாக நகர்ந்தன.