பிடில் வாசித்த சுவர்

சுவர் பிடில் வாசித்தது.

பொய்யில்லை. கான்கிரீட் கல் சுவர்தான். டெர்வ்லாவின் அப்பா ஃபின்டன் தன் கையாலேயே கட்டிக்கொண்டிருந்த வீட்டுச் சுவர். உள்ளேயிருந்து பிடில் சத்தம்! அப்பாவின் கையிலிருந்த சாந்துக் கரண்டி பொத்தென்று விழுந்தது.

கல் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்த பக்கத்துப் பண்ணை டோனல் மாமாவின் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது.

"டேய் ஃபின்டன்! நான் அப்பவே சொன்னேன்ல? இது மண்ணுக்கடியில இருக்கிற குட்டி ஜனங்க நடக்கிற பாதை. குறுக்கே வீடு கட்டாதேன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன். அவங்கதான் வாசிக்கிறாங்க!"

"பேசாம இருய்யா," என்றார் அப்பா. குட்டி ஜனங்களை அவர் நம்புவதில்லையாம். குரல் மட்டும் ஏன் நடுங்கியதோ!

சத்தம் நின்றது. மறுபடி ஆரம்பித்தது.

அப்பா பெரிய சுத்தியலை எடுத்தார். "இடிச்சிடறேன். வேற இடத்துல கட்டிக்கலாம்."

டெர்வ்லாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. வேறு இடமா? அப்படியானால் இந்தக் குளிர்காலமும் கேரவன் வண்டிக்குள்தான் குடித்தனம். அவள் படுக்கைக்கு நேர் மேலே ஒழுகுகிற அதே கேரவன்!

"கொஞ்சம் இருங்கப்பா!"

பயந்துகொண்டே சுவரில் காதை வைத்தாள். பிடிலோடு சேர்ந்து 'டர்ர்... டர்ர்...' என்று ஓர் அதிர்வு. பிடிலுக்கு எதற்கு டர்ர்?

"டோனல் மாமா, உங்க போன் எங்க?"

"சட்டைப் பையில..." தடவினார். பை காலி. "ஆனா என் போன் கோழி மாதிரில்ல கத்தும்! நேத்து பேரன் அதை என்னமோ நோண்டிக்கிட்டு..." பாதியில் நிறுத்திவிட்டார்.

அந்தச் சுவர் இரட்டைச் சுவர். நடுவில் கை நுழைகிற சந்து. சந்துக்குள் சிந்தும் சாந்தைப் பிடிக்க, கயிறு கட்டிய பலகை உள்ளே கிடக்கும். டெர்வ்லா கயிற்றை மெல்ல மெல்ல இழுத்தாள். பலகை மேலே வந்தது. சாந்துக் குவியலில் பாதி புதைந்து, போன் பிடில் வாசித்துக்கொண்டிருந்தது.

துடைத்து அமுக்கினாள். போனுக்குள்ளிருந்து டோனல் மாமாவின் மனைவி மூரின் வெடித்தார்.

"யோவ்! உருளைக்கிழங்கு ஆறிக் கல்லாப் போச்சு! எத்தனை தடவை கூப்பிடுறது?"

அப்பா சிரித்துச் சிரித்துத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். டோனல் மாமாவின் காதெல்லாம் சிவந்தது.

"ஊருக்குள்ள சொல்லிடாதே கண்ணு."

"சொல்ல மாட்டேன் மாமா. கூரை போடுற வரைக்கும் கல் எடுத்துக் கொடுப்பீங்கல்ல?"

டோனல் மாமா போனை வாங்கினார். "மூரின், அந்த உருளைக்கிழங்கை இங்கேயே கொண்டு வந்துடு. எனக்குத் தலைக்கு மேல வேலை கிடக்கு!"