நிலத்தில் நிற்காத விமானம்

வெள்ளவத்தையில் மழை பிடித்தால் காலி வீதியில் போகிறவர்கள் எல்லோரும் ஏதாவது ஒரு கடைக்கு வாடிக்கையாளர் ஆகிவிடுவார்கள். கொட்டாஞ்சேனைக்குப் போக பஸ் மாற இறங்கிய டில்ஷானி ஒதுங்கியது நபீஸ் நானாவின் பிரிண்ட் கடையில். இரத்மலானையில் சின்ன விமானங்களைப் பழுது பார்க்கும் பொறியியலாளர் அவள்.

உள்ளே மெஷினிலிருந்து ஒரு பெரிய தாள் மெல்ல வந்துகொண்டிருந்தது. அதில் ஒரு போர் விமானம்... முன்னால் நீளமான புரொப்பெல்லர், சுற்றிலும் மேகம். பக்கத்தில் ஒருவன் பிரசவ வார்டு வாசலில் நிற்பவன் போல நின்றான்.

பெயர் ராகுலன். உலகத்தில் எங்கும் இல்லாத, ஆனால் உண்மையாகவே பறக்கக்கூடிய ஒரு விமானத்தை வரைந்து அனுப்பும்படி வெளிநாட்டு வீடியோ கேம் நிறுவனமொன்று கேட்டிருந்தது. பிடித்தால் வேலை. வெள்ளிக்கிழமை கடைசி நாள்.

டில்ஷானிக்கு வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாது.

"இது எழும்பாது," என்றாள்.

அவன் நிமிர்ந்தான். முதலில் தெரிந்தது அவள் கண்கள்தான்... மழைத்துளி தங்கிய இமைகள், அவற்றுக்குக் கீழே கொஞ்சமும் இரக்கமில்லாத பார்வை. கோபப்படுவதா, இன்னும் கொஞ்சம் பார்ப்பதா என்று அவனுக்குப் புரியவில்லை.

அவள் விளக்கினாள். இந்த மாதிரி விமானம் வாலைத் தாழ்த்தித்தான் நிற்கும்; ஓடுபாதையில் வேகம் பிடித்ததும் வால் மேலே வரும், மூக்கு தாழும், இந்த நீளத்துக்கு புரொப்பெல்லர் பிளேட் நிலத்தில் அடிபடும். சக்கரக் கால்களை நீட்டலாம்தான்... ஆனால் மடக்கி வைக்கச் சிறகுக்குள் இடமில்லை.

"இத நிலத்தில நிக்க வச்சு வரைஞ்சு பாத்தீங்களா?"

பார்க்கவில்லை. அவனுடைய விமானங்கள் எல்லாம் மேகத்திலேயே பிறந்தவை. ஒன்றுக்கும் சக்கரம் வெளியே தெரிந்ததில்லை. அதை ஒப்புக்கொள்ள மனம் வருமா என்ன...

"இது கற்பனை பிளேன். ஆரும் ஓட்டப் போறதில்ல," என்றான் வெடுக்கென்று.

"கற்பனை எண்டாலும் உள்ளுக்க ஒராள் இருக்கிறார்தானே."

மழை விட்டது. போய்விட்டாள். பெயரைக்கூட அவன் கேட்கவில்லை.

வீட்டுக்குப் போனதும் விமானத்தை நிலத்தில் வைத்து, வாலைத் தூக்கி வரைந்து பார்த்தான். பிளேட் ஓடுபாதைத் தாருக்குள் புதைந்தது. சரி, பிளேட்டைக் குறைத்தால்? அவ்வளவு பெரிய என்ஜினின் பலம் வீணாகும். குழம்பிக் குழம்பிக் கடைசியில் வழி பிடிபட்டது. ஒரே அச்சில் ஒன்றன் பின் ஒன்றாக இரண்டு புரொப்பெல்லர், ஒன்றுக்கொன்று எதிர்ப்பக்கமாகச் சுழலும். பிளேட் குட்டை, பலம் குறையாது. எழும்பும்போது விமானத்தை ஒரு பக்கம் இழுக்கிற தொல்லையும் போயிற்று.

அந்த நிமிடம் அவன் நினைத்தது நிறுவனத்தை அல்ல, அவளை. அவள் பார்க்காமல் அனுப்ப மனம் வரவில்லை. தேடிப் போகவும் கௌரவம் விடவில்லை... வியாழக்கிழமை வரை முறுக்கிக்கொண்டு திரிந்தான்.

வியாழன் மாலை கடைக்குப் போனான். அவள் அங்கே நின்றாள். நபீஸ் நானா எதையும் காணாதவர் போல டோனர் மாற்றிக்கொண்டிருந்தார்.

ராகுலன் தாளை விரித்தான். ஓடுபாதையில் சக்கரம் ஊன்றி நிற்கும் விமானம். அவள் விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். இரட்டை புரொப்பெல்லரின் கியர்பெட்டியால் மூக்குப் பாரம் கூடுமே என்றாள். பற்றரியையும் ரேடியோவையும் பின்னுக்கு நகர்த்திவிட்டதாகச் சொன்னான்.

"இப்ப எழும்பும்," என்றாள்.

அவனுக்கு மூச்சு வந்தது. ஆனால் அவள் விரல் சிறகோரத்தில் நின்றுவிட்டது. அங்கே ஒரு சின்னப் பெண்ணுருவம்... தோளில் பை, தலை நனைந்திருந்தது.

"இது ஆர்?"

"பிளேன்ட அளவு காட்ட ஒராளப் பக்கத்தில போடுறது வழக்கம்."

"நான் இவ்வளவு உயரமில்ல. இப்பிடிப் போட்டா பிளேன் சின்னனாத் தெரியும். பிழை."

அவன் தாளையே பார்த்துக்கொண்டு நின்றான். "ஓம், பிழைதான். மற்ற எல்லாம் அளந்து போட்டனான். உங்கள மட்டும் மனசில நிண்டபடி போட்டிட்டன்... எனக்கு உங்களப் பிடிச்சிருக்கு."

அவள் வாசலைப் பார்த்தாள். காலி வீதி முழுக்க வெயில்.

"அண்டைக்கு மட்டும்தான் மழை பெய்தது," என்றாள் மெல்ல. "பிறகு ஒவ்வொரு நாளும் நான் ஏன் இஞ்ச வந்து நிண்டனான் எண்டு நீங்க இன்னும் கேக்கேல்ல..."